யாருடைய மூளை?

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ரயில் ஏறினால் மூளைக்குப் போக இரண்டு பாதைகள் உண்டு. சிவப்பு நிற வடக்கு-தெற்குப் பாதையில் ஈசூன், அங் மோ கியோ, பீஷான் தாண்டிப் போனால் நோவீனா. தேசிய நரம்பியல் கழகமும், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ காங் சியான் மருத்துவக் கல்லூரியும் அங்கே அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. பழுப்பு நிற தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையைப் பிடித்தால் நேரே ஊட்ரம் பார்க். அங்கே டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி. வழியில் கால்டிகாட்டில் இறங்கி வட்டப் பாதைக்கு மாறினால் புவன விஸ்தா, பயோபொலிஸ். 2003இல் திறந்த அந்த ஆய்வு வளாகத்தில் ஒரு கட்டடத்துக்கு நியூரோஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு நிலையம் தள்ளி கெண்ட் ரிட்ஜ், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம்.

ஜோகூர் கடற்பாலம் 1924இல் திறந்ததிலிருந்து உட்லண்ட்ஸ் வந்து போகிறவர்களின் ஊர். பொழுது விடியுமுன்பே மலேசிய அக்கரையிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் பேருந்தை விட்டு இறங்கி ரயிலுக்கு ஓடுகிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், தாதியர், கட்டுமான ஊழியர்கள் எல்லாரும் ஒரே நடைமேடையில். ரயிலுக்குள் குடிக்கக்கூடாது என்பதால் கோப்பியை அவசரமாக முடித்துக்கொண்டு உள்ளே ஏறும் ஓர் ஆராய்ச்சி மாணவியை இந்தக் கூட்டத்தில் யாரும் தனியாக அடையாளம் காண முடியாது.

அவள் என்ன செய்கிறாள் என்பது வீட்டாருக்கும் அவ்வளவாகப் புரிந்ததில்லை. தீபாவளிக்கு வந்த அத்தை முறுக்குத் தட்டை நகர்த்திக்கொண்டே விசாரிப்பார். "மூளையப் பத்திப் படிக்கிறியாமே, அப்ப நரம்பு டாக்டரா?" "இல்ல அத்தை, ஆராய்ச்சி." "அது சரி, யாரோட மூளை?" இந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறுவது வழக்கம். மீன் என்று உண்மையைச் சொன்னால் அத்தை சிரிப்பார். பேச்சு கல்யாணத்துக்குத் தாவிவிடும்.

ஆனால் அத்தை கேட்டதுதான் சரியான கேள்வி. நரம்பியல் ஆராய்ச்சிக்குள் நுழைகிறவருக்கு எந்தப் பட்டம், எந்தப் பல்கலைக்கழகம் என்பதையெல்லாம்விட யாருடைய மூளை என்பதுதான் முதலில் முடிவாக வேண்டும். காரணம் எளிய கணக்கு. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. ஊண் உறக்கம் இல்லாமல் நொடிக்கு ஒன்றாக எண்ணினாலே 2,700 ஆண்டுகள் பிடிக்கும். சங்க காலத்துக்கும் முன்னால் தொடங்கியிருக்க வேண்டும். முனைவர் பட்டத்துக்குக் கிடைப்பதோ நான்கு ஆண்டு. நான்கு ஆண்டுக்குள் அடங்குகிற மூளை எது?

பட்டத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நரம்பியலுக்கு வந்து சேர்ந்தவர்களின் பழைய சான்றிதழ்களைப் பரப்பிப் பார்த்தால் ஒரு ஒழுங்கும் தென்படாது. வி. எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். மாணவராக இருந்தபோதே, இரு கண்களின் பார்வையை மூளை எப்படி ஒன்றாக்குகிறது என்று சோதனைகள் செய்து எழுதி, 1970களின் தொடக்கத்தில் 'நேச்சர்' இதழில் இடம் பிடித்துவிட்டார். பிறகுதான் கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரியில் முனைவர் ஆய்வு. பிற்காலத்தில், துண்டிக்கப்பட்ட கையில் வலி இருப்பதாகத் துடித்தவர்களுக்கு அவர் காட்டிய வைத்தியம் ஒரு பெட்டி, அதற்குள் நிற்க வைத்த ஒரு முகக்கண்ணாடி. இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரிய, பலருக்கு வலி குறைந்தது. ஹார்வர்டில் மோப்பத்தின் நரம்பியலை ஆராயும் வெங்கடேஷ் மூர்த்தி சென்னை ஐஐடியில் பொறியியல் படித்தவர். சிங்கப்பூரில் தூக்க ஆய்வை நிலைநாட்டிய மைக்கேல் சீ நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நரம்பியல் மருத்துவர்.

உட்லண்ட்ஸுக்கு உள்ளேயே ஒரு வாசல் இருக்கிறது. ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவ அறிவியல் பட்டயப் படிப்பு மூன்றாண்டு. தொடக்கக்கல்லூரிக்குப் போகாமல் அந்த வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு: பைப்பெட் பிடித்துப் பழகிய கை. மேற்படிப்புக்குப் பண உதவி என்று பார்த்தால், வெளிநாட்டு மாணவர்களுக்கான 'சிங்கா' உதவித்தொகை நான்கு ஆண்டு வரை கிடைக்கும். முடித்தபின் இங்கேயே வேலை செய்தாக வேண்டும் என்ற ஒப்பந்தம் அதில் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் இதைத் தெரிந்துகொள்வதே தாமதமாகத்தான்.

சரி, மூளைக்கு வருவோம். மூளையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று உலகத்துக்குக் காட்டியவர் தம் கடைசிக் காலத்தைச் சிங்கப்பூரில் கழித்தார். 2019 ஏப்ரல் 5 அன்று இங்கேயே 92 வயதில் காலமானார். பெயர் சிட்னி பிரென்னர்.

தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டன் என்ற சிற்றூரில், செருப்புத் தைப்பவரின் மகனாக 1927இல் பிறந்தவர் பிரென்னர். பதினைந்து வயதில் மருத்துவக் கல்லூரி. ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1953 ஏப்ரலில் நண்பர்களோடு கேம்பிரிட்ஜுக்குக் காரில் போய், வாட்சனும் கிரிக்கும் அப்போதுதான் கட்டி முடித்திருந்த டிஎன்ஏ மாதிரியைப் பார்த்தார். அடுத்த பத்தாண்டு மரபணுக்களோடு கழிந்தது. 1963இல் தம் ஆய்வகத் தலைவர் மாக்ஸ் பெருட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். மூலக்கூறு உயிரியலின் பழைய புதிர்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். அடுத்த வேலை உயிர் வளர்வதிலும் நரம்பு மண்டலத்திலும் இருக்கிறது. அதற்கேற்ற எளிய பிராணி ஒன்று வேண்டும் என்பது அதன் சாரம்.

அவர் பிடித்த பிராணி ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, மண்ணில் வாழும் ஒரு புழு. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். உடல் கண்ணாடி மாதிரி, முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வரை மூன்றரை நாள், நியூரான்கள் 302. சரியாக 302. இருபால் புழுக்களில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இந்த எண் மாறுவதில்லை. ஒரு மூளையை முழுமையாக எண்ணி முடிக்கலாம் என்ற ஆசை முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது இந்தப் புழுவால்தான்.

ஆனால் எண்ணுவது வேறு, எது எதோடு இணைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது வேறு. அதற்குப் புழுவை ஆயிரக்கணக்கான மெல்லிய சீவல்களாக நறுக்கி, ஒவ்வொன்றையும் மின்னணு நுண்ணோக்கியில் படம் எடுத்து, ஒரு சீவலில் தெரியும் நரம்பு அடுத்த சீவலில் எங்கே போகிறது என்று விடாமல் தொடர வேண்டும். நறுக்கியவர் நிக்கோல் தாம்சன். கணினிக்காக வந்தவர் ஜான் வைட். புழுவின் நரம்பு மண்டலத்தைக் கணினி உதவியோடு மீட்டுருவாக்குவதுதான் 1970களில் அவருடைய முனைவர் ஆய்வு. நியூரான்களைப் பார்க்க வந்தவர் அல்ல அவர். எந்திரத்தைச் சொல்பேச்சு கேட்கவைக்க வந்தவர். எந்திரம் கேட்கவில்லை. அந்தக் காலக் கணினிக்கு அவ்வளவு படங்களைச் சுமக்கத் தெம்பில்லை. கடைசியில் புகைப்படங்களை அச்சிட்டு, வண்ண மையால் ஒவ்வொரு நரம்புக்கும் கையாலேயே எண் போட்டார்கள். அதில் பெரும் பங்கைச் செய்தவர் ஐலீன் சவுத்கேட். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே ஆய்வக உதவியாளராக வந்தவர். 1986இல் வெளிவந்த அந்தக் கட்டுரை 340 பக்கம். அதை எழுதிய நால்வரில் சவுத்கேட் பெயரும் உண்டு. நரம்பியலின் பெரிய சாதனைகளில் ஒன்று, பட்டம் இல்லாத ஒருவரின் பொறுமையில் நின்றிருக்கிறது என்பதை மாணவர் சேர்க்கைக் குழுக்கள் அவ்வப்போது நினைத்துக்கொள்ளலாம்.

பிரென்னருக்கு 2002இல் நோபல் பரிசு. சிங்கப்பூரோடு அவர் உறவு அதற்கு முன்பே தொடங்கியது. 1985இல் இங்கே மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகம் உருவானபோது ஆலோசகர். பைரப்பா வெங்கடேஷோடு சேர்ந்து ஃபூகு மீனின் மரபணுத் தொகுப்பைப் படித்தவர். 2003இல் கௌரவக் குடிமகன்.

புழு எல்லாவற்றுக்கும் விடை சொல்லிவிட்டதா என்றால், இல்லை. 302 நியூரான்களின் இணைப்பு வரைபடம் 1986இலேயே கைக்கு வந்துவிட்டது. இன்னும் அதைப் பார்த்து அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று முழுதாகச் சொல்லிவிட முடிவதில்லை. தெரு வரைபடம் இருப்பதால் இன்று மாலை தேக்கா சந்தையில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று சொல்ல முடியுமா? அதே சங்கடம். 2024 அக்டோபரில் பழ ஈயின் முழு மூளை வரைபடமும் வந்தது. பிரின்ஸ்டனின் மாலா மூர்த்தி, செபாஸ்டியன் சியங் ஆகியோர் முன்னின்று நடத்திய அந்த வேலையில் 1,39,255 நியூரான்கள், ஏறத்தாழ 5 கோடி இணைப்புகள். இம்முறை கணினி சொல்பேச்சு கேட்டது. என்றாலும் அதன் பிழைகளைத் திருத்த உலகெங்கும் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார வேண்டியிருந்தது.

வரைபடம் போதாது, தெருவில் நடமாட்டத்தையும் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்காக இருப்பது மீன்.

வரிக்குதிரை மீனுக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. அதை முதன்முதலில் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் ஃபிரான்சிஸ் ஹாமில்டன். 1822இல் வெளிவந்த கங்கை மீன்கள் பற்றிய நூலில். அதற்குமுன் அவர் பெயர் புக்கானன். 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலபார் என்று சுற்றி, வழியில் கொங்கு நாட்டின் கிணறு, தறி, பயிர் எதையும் விடாமல் குறித்துவைத்த அதே புக்கானன்தான். தமிழ்நாட்டு வரலாற்று மாணவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும்; உயிரியல் மாணவர்களுக்கும் தெரியும்; இருவரும் ஒருவரே என்பது இரு தரப்புக்கும் பெரும்பாலும் தெரியாது.

விரல் நீளம்கூட இல்லாத, நீலக் கோடு போட்ட இந்த மீன் பல பத்தாண்டுகள் கண்ணாடித் தொட்டிகளில் அழகுக்காக நீந்திக்கொண்டிருந்தது. 1970களை ஒட்டி அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர், முதுகெலும்புள்ள பிராணிகளில் மரபியல் வேலைக்குத் தோதான ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் கண் இதில் விழுந்தது. குஞ்சு பளிங்குபோல இருக்கும். நுண்ணோக்கியை மேலே வைத்து, மண்டையைத் திறக்காமலே மூளைக்குள் பார்த்துவிடலாம். ஒரு வாரக் குஞ்சின் மூளையில் சுமார் ஒரு லட்சம் நியூரான்கள். ஒளிரும் புரதம் ஒன்றை அந்த நியூரான்களுக்குள் மரபணு வழியாகப் புகுத்திவிட்டால், நியூரான் வேலை செய்யும்போது உள்ளே வரும் கால்சியத்தோடு சேர்ந்து அந்தப் புரதம் பச்சையாக மினுக்கும். 2013இல் அமெரிக்காவின் ஜெனீலியா வளாகத்தில் மிஷா ஆரென்ஸ் குழு இப்படி ஒரு குஞ்சின் மூளையில் எண்பது சதவீத நியூரான்களை ஒரே நேரத்தில் படம் பிடித்தது. கார்த்திகை அகல்கள் ஏற்றிய வீதியை உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும் அந்தப் படம்.

உட்லண்ட்ஸிலிருந்து வந்த மாணவியின் நாள் இந்த அழகிலிருந்து வெகுதூரத்தில் தொடங்குகிறது.

மீன் அறை 28 டிகிரி. வெளியே இருக்கும் சிங்கப்பூர் வெயிலுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை, ஈரம்தான் கூடுதல். விளக்கு பதினான்கு மணி நேரம் எரியும், பத்து மணி நேரம் அணையும். முந்தின மாலையே ஆண் மீனையும் பெண் மீனையும் சின்னத் தொட்டியில், நடுவே ஒரு தடுப்பு வைத்து விட்டிருப்பாள். காலையில் விளக்கு எரியும் நேரத்துக்கு வந்து தடுப்பை எடுக்க வேண்டும். விடியல் என்று நினைத்து மீன்கள் இணைசேரும். சிறிது நேரத்தில் அடியில் முட்டைகள், ஒரு ஜோடிக்கு இருநூறுகூட இருக்கலாம். அல்லது ஒன்றுகூட இருக்காது. ஏன் இன்று இடவில்லை என்பதற்கு ஒவ்வொரு ஆய்வகத்திலும் ஒரு ஐதீகம் உண்டு: நீர் மாறியது, தீனி மாறியது, பக்கத்து அறையில் துளை போட்டார்கள். வந்த முட்டைகளை வடிகட்டி, செத்ததைப் பொறுக்கி எறிந்து, தட்டுத் தட்டாகப் பிரித்து, தேதி எழுதி வைப்பதற்குள் வெயில் ஏறிவிடும். இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். ஆறாம் நாள் குஞ்சை இளஞ்சூட்டு அகரோஸ் கூழில் படுக்கவைத்து, தலை நேராக நிற்குமாறு மயிரிழைக் குச்சியால் திருப்ப வேண்டும். கூழ் இறுகச் சில விநாடிகள். அதற்குள் குஞ்சு சாய்ந்துவிட்டால் அடுத்த குஞ்சு. முதல் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இந்தத் திருப்புதல்தான். இதற்கெல்லாம் முன்பாக, மீனை ஏன் பயன்படுத்துகிறீர்கள், எத்தனை, துன்பம் எப்படிக் குறைப்பீர்கள் என்று விலங்குப் பயன்பாட்டுக் குழுவுக்கு எழுதி அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

இவ்வளவு பாடும் என்ன கேள்விக்காக? இங்கே ஒரு பழைய கதை.

1938இல் கார்ல் வான் ஃபிரிஷ் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். தேனீக்களின் நடனத்தைப் படித்துப் பின்னால் நோபல் வாங்கியவர்; அப்போது சின்ன ஆற்று மீன்களை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு மீனை அடையாளம் வைக்க அதன் வாலருகே சின்னக் காயம் உண்டாக்கிக் கூட்டத்தில் விட்டார். மற்ற மீன்கள் மிரண்டு ஓடின. காயம்பட்ட மீன் சத்தம் போடவில்லை, துள்ளவுமில்லை. தோல் கிழிந்ததும் நீரில் ஏதோ கசிந்திருக்கிறது. அதை மோந்த மீன்கள் ஆபத்து என்று உணர்ந்திருக்கின்றன. அந்த ஏதோ ஒன்றுக்கு ஷ்ரெக்ஸ்டாஃப் என்று பெயர் வைத்தார்; ஜெர்மனில் அச்சப்பொருள். பெயர் வைத்தாயிற்று, பொருள் மட்டும் பிடிபடவில்லை.

எழுபது ஆண்டுக்குப் பிறகு அந்த இழையைச் சிங்கப்பூரில் பிடித்தார்கள். அஜய் மதுரு, சுரேஷ் ஜேசுதாசன் முதலானோர் வரிக்குதிரை மீனின் தோல் சாற்றைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் தொட்டியில் விட்டு, எந்தக் கூறுக்கு மீன் மிரள்கிறது என்று பார்த்தார்கள். மிரட்சியையும் அளக்க வேண்டுமே. பயந்த வரிக்குதிரை மீன் முதலில் வெட்டி வெட்டிப் பாயும், பிறகு அடியில் போய் அசையாமல் ஒடுங்கும். அந்த வேகத்தையும் ஆழத்தையும் எண்களாக்கலாம். 2012இல் அவர்கள் கண்டு சொன்ன விடை: அச்சப்பொருளில் காண்ட்ராய்ட்டின் என்ற சர்க்கரைச் சங்கிலியின் துண்டுகள் உண்டு. முட்டிவலிக்கு மருந்துக்கடையில் விற்கும் மாத்திரைப் புட்டிகளில் எழுதியிருக்குமே, அதே காண்ட்ராய்ட்டின். மீனின் மேல்தோல் வழவழப்பில் அது நிறைய இருக்கிறது. காயத்தில் உடைந்து நீரில் கலக்கிறது. மூளையின் மோப்பக் குமிழில் பின்பக்கமாக ஒரு குறிப்பிட்ட மூலை அதற்கு விழித்துக்கொள்வதையும் ஒளிரும் நியூரான்களில் பார்த்தார்கள்.

அங்கிருந்து ஹபெனுலாவுக்குப் போகும் தூரம் அதிகமில்லை. லத்தீனில் சின்னக் கடிவாளம் என்று பொருள்படும் இந்தச் சிறு மூளைப்பகுதி மீனுக்கும் உண்டு, அத்தைக்கும் உண்டு. 2007இல் ஜப்பானியர்களான மட்சுமோட்டோவும் ஹிக்கோசாகாவும் குரங்குகளில் காட்டியது சுவாரசியமானது: எதிர்பார்த்த பரிசு கிடைக்காமல் போகும்போது ஹபெனுலாவின் நியூரான்கள் துடிக்கின்றன. ஏமாற்றத்துக்கென்று மூளையில் ஓர் இடம். 2010இல் அதே சிங்கப்பூர்க் குழு மீன் குஞ்சுகளில் அதைச் செயலிழக்க வைத்துப் பார்த்தது. சிவப்பு விளக்கு எரிந்தால் லேசான மின்னதிர்ச்சி வரும். விலகிப் போனால் தப்பிக்கலாம். சாதாரணக் குஞ்சு இதைக் கற்றுக்கொள்ளும். ஹபெனுலா ஓய்ந்த குஞ்சு, அதிர்ச்சி பட்ட பிறகு, தப்பிக்க வழியிருந்தும் முயற்சியை விட்டுவிட்டது. மனிதர்களின் மனச்சோர்வை ஆராய்கிறவர்கள் ஒரு லட்சம் நியூரான் மீனை ஏன் உற்றுப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. மீனுக்கு மனச்சோர்வு என்று சொல்லிவிடக் கூடாது; அது பத்திரிகைத் தலைப்புக்கு ஆகும், ஆய்வேட்டுக்கு ஆகாது.

பிராணி வேண்டாம், மனிதர்தான் வேண்டும் என்கிறவர்களும் உண்டு. அவர்கள் மண்டைக்குள் போக முடியாது, வெளியிலிருந்துதான் அளக்கலாம். சிங்கப்பூரில் அதற்கு நல்ல உதாரணம் மைக்கேல் சீ குழுவின் தூக்க ஆய்வுகள். 15 முதல் 19 வயதுப் பிள்ளைகள் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை விடுதியில் தங்கவைத்து, ஒரு பகுதியினருக்கு ஒன்பது மணி நேரமும் மற்றவர்களுக்கு ஐந்து மணி நேரமும் படுக்கை. ஒரு வாரம். ஐந்து மணி நேரக்காரர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. 2016இல் வெளியான இந்த ஆய்வைப் படித்த பெற்றோர் எத்தனை பேரோ. அதே ஆண்டு ஒரு பெண்கள் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.30இலிருந்து 8.15க்குத் தள்ளியது. மாணவியர் ஒரு மாதம் கழித்து சராசரியாக 23 நிமிடம் கூடுதலாகப் படுக்கையில் இருந்தார்கள். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோதும் அது நீடித்தது; ஆனால் உண்மையான தூக்கம் கூடியிருந்தது பத்து நிமிடம்தான். கொடுத்த நாற்பத்தைந்து நிமிடத்தில் பாக்கி எங்கே போயிற்று என்பதை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விளக்கு எரியும் நேரத்துக்கு மீன் அறைக்குப் போய்ச் சேரவேண்டிய நம் மாணவியின் தூக்கத்தை யாரும் அளப்பதில்லை.

இரண்டாம் ஆண்டு வாக்கில் தகுதித் தேர்வு. பேராசிரியர்கள் சிலர் உட்கார்ந்து, இதுவரை என்ன செய்தாய், இனி என்ன செய்வாய், ஏன் மீன், ஏன் எலி இல்லை என்று குடைவார்கள். ஏன் மீன் என்ற கேள்வியில்தான் பலர் திணறுவார்கள் என்பது அனுபவப்பட்டவர்கள் சொல்வது. ஆய்வகத்தில் மீன்தான் இருந்தது என்பது உண்மையான பதில், ஆனால் செல்லாது. தன் கேள்விக்கு இந்த மூளை போதும், இதைவிடப் பெரியது வீண், இதைவிடச் சிறியது போதாது என்று வாதாடத் தெரிந்த அன்றைக்குத்தான் அவள் ஆய்வகத்தின் உதவிக் கையாக இருப்பதிலிருந்து ஆய்வாளர் ஆகிறாள்.

விடை கிடைத்தாலும் அது தனக்கே சொந்தம் என்று உட்கார முடியாது. 2024இல் ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் யோஷிஹிரோ யோஷிஹாராவின் குழு அதே வரிக்குதிரை மீனின் அச்சப்பொருளிலிருந்து வேறு இரண்டு சேர்மங்களைப் பிரித்தெடுத்தது. ஆஸ்டாரியோப்டெரின் ஒன்று, டானியோல் சல்ஃபேட் இன்னொன்று. தனித்தனியாக விட்டால் மீன் கண்டுகொள்ளவில்லை. இரண்டையும் ஒன்றாக விட்டதும் மிரண்டது. பூட்டுக்கு இரண்டு சாவி. காண்ட்ராய்ட்டின் துண்டுகளுக்கும் இவற்றுக்கும் என்ன உறவு என்பதை இனி வருகிறவர்கள்தான் பார்க்க வேண்டும். ஃபிரிஷ் கேட்டு எண்பது ஆண்டுக்கும் மேலாகியும் அந்தக் கேள்விக்கு முழு விடை இல்லை.

இதைப் படிப்பவர் உட்லண்ட்ஸிலோ உடுமலைப்பேட்டையிலோ இருக்கும் பதினாறு வயதுக்காரர் என்றால், பட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வரிக்குதிரை மீன் அலங்கார மீன் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். நான்கைந்து வாங்கி ஒரு தொட்டியில் விட்டு, இரவு முழுதும் இருட்டாக வைத்து, காலையில் விளக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்ப மறக்க வேண்டாம். இடைவெளிக்குள் விழாத முட்டைகளை மீன்களே தின்றுவிடும்.